புல்லட் கிளம்பாதபோது ஆம்மீட்டர் முள் சொல்வது

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் ஒரு நாள் காலையில் கிளம்ப மறுத்தால், பெரும்பாலானோர் முதலில் பிளக்கை மாற்றுகிறார்கள். அது பலிக்காவிட்டால் கண்டென்சர், பிறகு காயில், பிறகு பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஏதோ ஒரு கட்டத்தில் வண்டி கிளம்பியும் விடுகிறது. ஆனால் எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரிவதில்லை. பல நேரங்களில் வண்டியைக் கிளப்பியது புதிய பாகமாக இருக்காது. பழையதைக் கழற்றும்போது அசைந்துகொடுத்த ஒரு வயராகத்தான் இருக்கும். பல்லாண்டு உழைத்த நல்ல காயில் ஒன்று இப்படிக் காயலான் கடைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இத்தனைக்கும் அந்த வண்டியைச் செய்தவர்கள், கோளாறு எங்கே என்று காட்டும் கருவியை ஹெட்லைட்டுக்கு மேலேயே பதித்துத் தந்திருக்கிறார்கள். ஸ்பீடோமீட்டருக்கு அருகில் இருந்துகொண்டு, பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போகிறதா (மைனஸ்), உள்ளே வருகிறதா (பிளஸ்) என்று காட்டும் அந்தச் சின்ன ஆம்மீட்டரைப் பலர் அலங்காரமாகவே கருதுகிறார்கள். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் அதன் முள்ளைப் பார்த்துப் பொருள் புரிந்துகொள்ளத் தெரிந்தால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

1955 இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் திருவொற்றியூரிலிருந்து வெளிவந்த புல்லட்டுகள் எல்லாம் எஞ்சின் சுற்றச் சுற்றத் திறந்து மூடும் பாயிண்ட் என்ற சிறிய சுவிட்ச் வைத்த இக்னிஷன் (பொறி உண்டாக்கும் அமைப்பு) கொண்டவையே. நான் இங்கே மனத்தில் வைத்து எழுதுவது 12 வோல்ட் பேட்டரியும், நெகட்டிவ் எர்த்தும் (பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பது), பாயிண்டும், கிக்கரும் மட்டுமே உள்ள வண்டியை. அதற்கு முந்தைய 6 வோல்ட் வண்டிகளில் அளவுகள் மாறும். தேடும் முறை பெரிதாக மாறாது.

மின்சாரம் போகும் வழியை முதலில் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து புறப்பட்டு, பியூஸ் வழியாக ஆம்மீட்டருக்கும், அங்கிருந்து சாவி சுவிட்சுக்கும், பிறகு டேங்குக்குக் கீழே இருக்கும் காயிலின் முதல் சுற்றுக்கும், அங்கிருந்து எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் பாயிண்டுக்கும் போய், பாயிண்ட் மூடியிருந்தால் எஞ்சின் உடல் வழியாகப் பேட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்புகிறது. பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில் காயிலில் சுமார் 3 முதல் 4 ஆம்பியர் ஓடி, உள்ளே காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுந்து, காந்தப்புலம் சரிந்து, காயிலின் இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும்பிப் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது. ஆகவே இந்த வண்டியில் பொறி பிறப்பது மின்சாரம் ஓடும்போது அல்ல, ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நிற்கும்போது. ஓட வேண்டிய நேரத்தில் ஓடுகிறதா, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம்மீட்டர் முள் விடை தருகிறது.

புல்லட் ஓட்டுபவர்களுக்கு இந்த முள் புதிதல்ல. கிக்கரை மெதுவாக அழுத்தி, அது இறுகும் இடத்தில் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேவிடும் டீகம்ப்ரஸரைப் பிடித்து, முள் மைனஸ் பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்ததும் விட்டுவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஓங்கி மிதிப்பதுதானே பெரியவர்கள் கற்றுத்தந்த முறை? கோளாறு தேடுவதற்கும் இதே முறைதான். சாவியைப் போட்டு, டீகம்ப்ரஸரைப் பிடித்தபடி கிக்கரைக் கையாலோ காலாலோ மெதுவாக அழுத்தி, எஞ்சினை இரண்டு முழுச் சுற்றுக்குக் குறையாமல் சுற்றுங்கள். அந்த நேரம் முழுவதும் கண் முள்ளின் மேலேயே இருக்க வேண்டும். நல்ல வண்டியில், பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் தெளிவாகச் சாயும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். இந்தச் சாய்வும் திரும்புதலும் சுத்தமாக நடந்தால், பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரை உள்ள முதல் சுற்று பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. முள் அசையவே இல்லையென்றால் எங்கோ வழி அறுந்திருக்கிறது. முள் மைனஸிலேயே நின்றுவிட்டால், நிற்க வேண்டிய ஓட்டம் நிற்கவில்லை. சாய்வு நன்றாக இருந்தும் பொறி இல்லையென்றால், கண்டென்சர், காயிலின் இரண்டாம் சுற்று, பிளக் வயர், பிளக்கின் மேல் செருகும் கேப், பிளக் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

முள் அசையாத வண்டிகளே கடலோரத்தில் அதிகம். என் சித்தப்பா திருவொற்றியூரில், கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் குடியிருப்பவர். மழைக்காலம் முடிந்த கையோடு அவருடைய புல்லட் கிளம்பாமல் போய்விட்டது. நான் போவதற்குள் ஒரு பட்டறையில் காயிலையும் கண்டென்சரையும் மாற்றியிருந்தார்கள். வண்டி அப்படியேதான் நின்றது. "காயில்ல கரண்ட் வருதுன்னு மீட்டர் வெச்சுக் காட்டினாங்கப்பா, பன்னெண்டரை இருந்துச்சு" என்றார் சித்தப்பா. அவர்கள் காட்டியது பொய்யல்ல. ஆனால் அவர்கள் அளந்த நேரத்தில் பாயிண்ட் திறந்திருந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும், ஏனெனில் பழைய வண்டிகளின் மின்கோளாறுகளில் பாதியைக் கண்டுபிடிக்க விடாமல் செய்வது இதுதான். மின்சாரம் ஓடாத நேரத்தில், எவ்வளவு கெட்டுப்போன இணைப்பின் மறுமுனையிலும் மல்டிமீட்டர் முழு வோல்டேஜையே காட்டும். மீட்டர் இழுக்கும் ஓட்டம் அவ்வளவு சிறியது. ஓர் இணைப்பு நல்லதா கெட்டதா என்பது அதன் வழியாக உண்மையான ஓட்டம் போகும்போதுதான் வெளிப்படும். ஆகவே நான் கிக்கரை அழுத்திப் பாயிண்டை மூடிய நிலைக்குக் கொண்டுவந்தேன். முள் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். மீட்டரில் காயிலின் நுழைவு முனை 3.9 வோல்ட் காட்டியது. அதே நேரத்தில் பேட்டரியில் 12.5 இருந்தது. இடையில் 8.6 வோல்ட் எங்கோ தொலைந்துகொண்டிருந்தது.

தொலையும் இடத்தைக் கண்டுபிடிக்க, பாயிண்டை மூடிய நிலையிலேயே வைத்து, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸில் பிடித்துக்கொண்டு, கறுப்பு முனையை வழி நெடுக ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். நல்ல இணைப்புகளைத் தாண்டும்போது மீட்டர் ஏறக்குறைய சுழியத்திலேயே இருக்கும். பேட்டரியிலிருந்து காயில்வரை எல்லாம் சேர்ந்து அரை வோல்ட் வரை இழப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சித்தப்பாவின் வண்டியில் பியூஸ் ஹோல்டரின் ஒரு பக்கம் 0.05, மறுபக்கம் 8 வோல்ட்டுக்கு மேல். ஹோல்டரைத் திருகித் திறந்தபோது, கண்ணாடிப் பியூஸின் உள்ளே இருந்த கம்பி முழுதாகவே இருந்தது. ஆனால் அதன் உலோக மூடியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம், அதை அழுத்திப் பிடிக்கும் சுருள்வில்லின் மேல் பச்சைப் பசேல் என்று களிம்பு. உப்புக்காற்றும் மழைநீரும் சேர்ந்து செய்த வேலை. பிரேக்கை மிதித்தபோது பின்விளக்கு மங்கலாகவே எரிந்ததும் இதனால்தான். அந்த ஓர் அடையாளத்தைக் கவனித்திருந்தாலே காயிலைத் தொட வேண்டிய தேவை வந்திருக்காது. ஹோல்டரை மாற்றிவிட்டு, பையில் போட்டுவைத்திருந்த பழைய காயிலை அளந்து பார்த்தேன். முதல் சுற்று மூன்றரை ஓம், இரண்டாம் சுற்றும் அறுந்திருக்கவில்லை. அதையே திரும்பப் பூட்டினோம்.

பியூஸ் ஹோல்டருக்கு அடுத்தபடியாக நான் சந்தேகப்படுவது ஆம்மீட்டரின் முனைகளையே. வண்டிக்குப் போகும் ஓட்டம் அதன் வழியாகப் போவதால், பின்னால் இருக்கும் சின்ன நட்டு தளர்ந்தாலும் எல்லாம் நின்றுவிடும். பிறகு சாவி சுவிட்ச். சாவியை அசைக்கும்போது முள்ளும் அசைந்தால் அதுவே விடை. எர்த் பக்கத்தையும் மறக்கக் கூடாது. பாயிண்ட் மூடியிருக்கும்போது எஞ்சின் ஹெட்டுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே அளந்தால் வோல்டேஜ் ஏறக்குறைய இருக்கவே கூடாது. இருந்தால், பெயிண்டின் மேலோ துருவின் மேலோ எர்த் வயர் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். நடுவழியில் மீட்டர் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள், பியூஸ் வைத்த ஒரு வயரைப் பேட்டரி பிளஸிலிருந்து நேராகக் காயிலின் நுழைவு முனைக்குக் கொடுத்துப் பார்க்கலாம். வண்டி கிளம்பினால் கோளாறு இடையில்தான். ஆனால் அப்படி ஓட்டும்போது சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது; டீகம்ப்ரஸரைப் பிடித்து நிறுத்திவிட்டு உடனே அந்த வயரைக் கழற்ற வேண்டும்.

முள் மைனஸிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் கோளாறு பெரும்பாலும் மனிதக் கையால் வருவது. பாயிண்ட் மாற்றும்போது, அசையும் முனையையும் அதன் வயரையும் உடலிலிருந்து பிரித்துவைக்கும் ஃபைபர் வாஷர்கள் இடம் மாறிவிட்டால், பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் மின்சாரம் உடலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பழைய பாயிண்டைக் கழற்றும்போதே வாஷர்கள் இருந்த வரிசையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. வாஷர் சரியாக இருந்தும் முள் நடுவுக்கு வரவில்லையென்றால், கண்டென்சரின் வயரைத் தனியே பிரித்துவிட்டு எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். இப்போது முள் அசைந்தால் கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்போதும் அசையாவிட்டால், காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் வயர் எங்கோ தோல் உரிந்து உடலில் உரசுகிறது; அல்லது பாயிண்டைத் தள்ளித் திறக்கும் அதன் குதிகால் தேய்ந்து, இடைவெளியே விழாமல் போயிருக்கிறது. இந்த நிலையில் சாவியைப் போட்டபடியே விட்டுவைப்பது காயிலையும் பேட்டரியையும் கெடுக்கும். பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது நிலைதான் பொறுமையைச் சோதிப்பது: முள் அழகாகச் சாய்கிறது, திரும்புகிறது, பொறி மட்டும் இல்லை, அல்லது மஞ்சளாக, உயிரற்று விழுகிறது. இங்கே ஒரு முன்னெச்சரிக்கை. பிளக்கைக் கழற்றி எஞ்சினின் ஃபின்னின் (குளிர்விக்கும் தகட்டின்) மேல் வைத்துப் பொறி பார்க்கும்போது, தலைக்கு மேலே பெட்ரோல் டேங்கும், கைக்கு அருகே பெட்ரோல் ஆவி கக்கும் பிளக் துளையும் இருக்கின்றன. பெட்ரோல் குழாயை மூடி, துளையைத் துணியால் அடைத்து, பிளக்கை அந்தத் துளையிலிருந்து தள்ளி வைத்த பிறகே கிக்கரைத் தொட வேண்டும். இன்னொன்று, வெளியில் பொறி விழுந்தால் உள்ளேயும் விழும் என்று உறுதி சொல்ல முடியாது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையின் ஊடே பொறி பாய்வதற்கு வெளிக்காற்றில் பாய்வதைவிடப் பல மடங்கு வோல்டேஜ் வேண்டும். அதனால் நான் கேப்பைக் கழற்றி, ரப்பர் கையுறையோடு, வயரின் முனையை உடலிலிருந்து 5 அல்லது 6 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்ப்பேன். நீலமாக, 'டப்' என்ற சத்தத்தோடு அந்த இடைவெளியைத் தாண்டினால் காயில் நல்லது. கேப்பையும் பிளக்கையும் பார்க்க வேண்டும். பழைய கேப்புகள் உள்ளே கரிந்து ஓட்டத்தைத் தடுப்பது சாதாரணமாக நடப்பது. வயரின் முனையை அரை சென்டிமீட்டர் நறுக்கிப் புதிய செம்பில் கேப்பைத் திருகினாலே சரியாகிவிடும் வண்டிகளும் உண்டு.

அந்தப் பொறியும் சோகையாக இருந்தால், பாயிண்ட் மூடியைத் திறந்து, நிழலான இடத்தில், கிக்கரை வேகமாக அழுத்தும்போது பாயிண்டின் இரு முனைகளுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பாருங்கள். நல்ல கண்டென்சர் இருந்தால் அங்கே மிகச் சிறிய பொறிதான் தெரியும். பளிச்சென்று நீலமும் வெள்ளையுமாக ஒரு சுடர் பாய்ந்தால், கண்டென்சர் தன் வேலையைச் செய்யவில்லை. ஓட்டம் அறுபடும் கணத்தில் பாய வரும் மின்சாரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்வதே அதன் வேலை. அது இல்லாதபோது மின்சாரம் பாயிண்டின் இடைவெளியிலேயே பாய்ந்துவிடுகிறது. காந்தப்புலம் சட்டென்று சரியாமல் மெல்லத் தேய்கிறது. பிளக்குக்குப் போக வேண்டிய வலிமை பாயிண்டைச் சுடுவதில் வீணாகிறது. பாயிண்டின் ஒரு முனையில் குழியும் மறுமுனையில் மேடும் விழுந்திருந்தால், கண்டென்சரைச் சோதிக்காமல் புதிய பாயிண்ட் மட்டும் போடுவது வீண் செலவு.

கண்டென்சருக்குச் சூடு ஆகாது. குளிர்ந்திருக்கும்போது கிளம்பி, பத்து இருபது கிலோமீட்டர் போனதும் திக்கி நின்று, டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் மறுபடி கிளம்பும் புல்லட்டுகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். கார்புரேட்டரைக் கழற்றித் துடைப்பதில் இவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடுகின்றன. வண்டி சூட்டோடு நின்ற அந்த நிமிடத்திலேயே பாயிண்டைப் பார்க்க வேண்டும்; ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. சுடர் பாய்ந்தால் கண்டென்சர். சுடர் இல்லாமல், முள்ளின் ஆட்டமும் சரியாக இருந்து, பொறி மட்டும் இல்லையென்றால் காயிலின் இரண்டாம் சுற்று சூட்டில் விட்டுப்போகிறது. மல்டிமீட்டரில் மின்தேக்கும் அளவை அளந்து, 0.2 மைக்ரோஃபாரடுக்கு அருகில் காட்டுகிறதே என்று சிலர் கண்டென்சரை நல்லது என்று சொல்லிவிடுவார்கள். மேசைமேல் ஆறிக் கிடக்கும்போது அது நல்லதாகத்தான் காட்டும். இன்னொரு கண்டென்சரை, பழையதின் வயரைப் பிரித்துவிட்டு, வெளியே தொங்கும்படி இரண்டு துண்டு வயரில் இணைத்து ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பழையது பாயிண்ட் பெட்டிக்குள் இருந்தால், புதியதை நிரந்தரமாகவே எஞ்சின் சூடு அதிகம் படாத இடத்துக்கு மாற்றிவிடுவது என் வழக்கம்.

பாயிண்டைப் பற்றிச் சில வார்த்தைகள். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்து வைப்பதோ, அட்டைத் துண்டை நுழைத்து வைப்பதோ போதாது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விலை அதிகமில்லை. புதிய பாயிண்ட்டின் முனைகளில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் இருக்கும். அதைத் துடைக்காமல் பூட்டினால், புதுப் பாயிண்ட் போட்ட பிறகுதான் வண்டி கிளம்பவில்லை என்ற புகார் வரும். துளி பெட்ரோலில் நனைத்த சுத்தமான காகிதத்தை இரு முனைகளுக்கும் நடுவே வைத்து இழுத்தாலே போதும். மூடிய பாயிண்டின் குறுக்கே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ பாகம் வாங்கப் போகிறவர்கள், பெட்டியின் மேல் உள்ள பெயரை மட்டும் பார்க்காமல், முனைகள் இரண்டும் நேருக்கு நேர் தட்டையாகப் பொருந்துகின்றனவா, குதிகாலின் ஃபைபர் உறுதியாக இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

பொறி நன்றாக இருந்தும் கிக்கர் காலைத் திருப்பி உதைத்தால், அது டைமிங், அதாவது பொறி விழும் நேரம். பாயிண்டுக்குக் கீழே இருக்கும் வேகத்துக்கு ஏற்பப் பொறியை முன்னதாக விழவைக்கும் அட்வான்ஸ் யூனிட்டின் சின்னச் சுருள்வில்கள் தளர்ந்து, எடைகள் விரிந்தபடியே சிக்கிக்கொண்டால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே பொறி மிக முன்னதாக விழுந்து, பிஸ்டன் பின்னோக்கித் தள்ளப்படும். கணுக்காலுக்கு இது உண்மையிலேயே ஆபத்தானது. அதைச் சரிசெய்யாமல் மேலும் மேலும் உதைக்க வேண்டாம்.

கிளம்பிய பிறகும் ஆம்மீட்டரை விட்டுவிடக் கூடாது. எஞ்சினைச் சற்று வேகப்படுத்தினால் முள் பிளஸ் பக்கம் போக வேண்டும். பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வேகப்படுத்தியும் 12.5 ஐத் தாண்டவில்லையென்றால், பேட்டரி மெல்ல மெல்லக் காலியாகி, சில நாட்களில் வண்டி மறுபடி நிற்கும். அப்போது இக்னிஷனைத் தேடிப் பயனிருக்காது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் இணைப்பைப் பிரித்து, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் வயர்களுக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று ஓம் அளவில் பாருங்கள். தொடர்பு இருந்தால் ஆல்டர்னேட்டரின் அசையாத பகுதியான ஸ்டேட்டரின் சுற்று உடலில் தொட்டுவிட்டது, அதை வெளியே எடுக்கத்தான் வேண்டும். ஸ்டேட்டரை மூடியிருக்கும் இடப்பக்கத்துச் செயின் மூடியை நடுவில் உள்ள ஒற்றை நட்டுதான் பிடித்திருக்கிறது. அதைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் எண்ணெய் வடியும் என்பதால், முன்கூட்டியே அடியில் ஓர் அகன்ற தட்டையும், பக்கத்தில் மூடிக்கு ஒரு புதிய ரப்பர் வளையத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.